மரு திரும்பத் திரும்ப வருகிறது. ரத்தத்தில் மூன்று ஹெர்பீஸ் வைரஸ்கள் பாசிட்டிவ். எதிர்ப்பாற்றல் போய்விட்டதா?

இரவுப்பறவை எழுதியது:

பெயர் சொல்லாமல் கேட்க இதைவிட்டால் எனக்கு வேறு இடமில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வயது 29. திருமணமாகி ஓராண்டு ஆகப்போகிறது. பிறப்புறுப்பின் அடிப்பகுதியில் சிறு சிறு மருக்கள் முளைத்தன. எங்கள் ஊர் மருத்துவர் மின்சூட்டுக் கருவியால் கருக்கிவிட்டார். புண் ஆறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பக்கத்திலேயே புதிதாக வந்துவிட்டன. பயந்துபோய் வேறொரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ‘டார்ச்’ என்று ஒரு ரத்தப் பரிசோதனையும், கூடவே எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான பரிசோதனையும் எடுத்தார்கள். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 1, சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் மூன்றுக்கும் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்.

“உங்கள் உடம்பில் மூன்று ஹெர்பீஸ் வைரஸ்கள் குடியிருக்கின்றன, அவை எதிர்ப்பாற்றலைத் தின்றுவிட்டன, அதனால்தான் மரு போகவில்லை” என்றார்கள். அசைக்ளோவிர் மாத்திரையும், எதிர்ப்பாற்றல் கூட்டும் காப்ஸ்யூலும் மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசியும் போட வேண்டுமாம். இதுவரை சில ஆயிரம் ரூபாய் போய்விட்டது. பணம்கூடப் பரவாயில்லை, இரவில் தூக்கம் வருவதில்லை. எனக்கு எய்ட்ஸ் இருக்குமோ? மனைவிக்கு என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை ஓரமாக வையுங்கள். அது உங்கள் எதிர்ப்பாற்றலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், எப்போதோ ஒருநாள் அந்த வைரஸ் உங்கள் உடலுக்குள் வந்தது, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதம் செய்துவைத்தது என்று பொருள். ஐஜிஎம் என்பது புதுத் தொற்றில் முதலில் வரும் எதிர்ப்புப் புரதம். பள்ளிக்கூடத்துப் பழைய வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதைப் போன்றது அது. இன்றைக்கு வகுப்பில் யார் கலாட்டா செய்கிறார்கள் என்பதை அதில் பார்க்க முடியாது. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 1 உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு கணக்கிட்டது. எப்ஸ்டீன்-பார் வைரஸ், வளர்ந்த மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இருக்கிறது. சைட்டோமெகலோ நம் நாட்டில் பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. அதாவது நீங்கள் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரரைச் சோதித்தாலும் இதே மூன்று பாசிட்டிவ் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அவருக்கு மரு இருக்காது.

டார்ச் பரிசோதனை கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்குமான சில சந்தேகங்களைத் தீர்க்க வந்தது. மரு வந்தவருக்கு அதை எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

எடுத்தே ஆக வேண்டிய பரிசோதனைகள் வேறு. ஒன்று, எச்.ஐ.வி. இன்னொன்று, சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். இரண்டாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், சிபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் பிறப்புறுப்பிலும் ஆசனவாய் ஓரத்திலும் தட்டையான, ஈரமான மருப்போன்ற திட்டுகள் வரும். பார்ப்பதற்கு மருவே போல இருக்கும். ஆனால் பெனிசிலின் ஊசியில் கரைந்துபோகும். அதை மரு என்று நினைத்துக் கருக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே நோய் வளரும். இந்த இரண்டையும் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் எடுக்கலாம். எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையம், மற்றதற்குப் பால்வினை நோய்ப் பிரிவு. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

கருக்கிய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி முளைப்பது எதிர்ப்பாற்றல் போனதற்கு அடையாளமே இல்லை. கண்ணுக்குத் தெரியும் மருவைத்தான் நாங்கள் அழிக்கிறோம். சுற்றியுள்ள தோல், பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், அதன் அடியடுக்கில் மருவை உண்டாக்கும் வைரஸான எச்.பி.வி. இருக்கும். எந்தச் சிகிச்சை செய்தாலும், முதல் சில மாதங்களில் ஒரு பகுதியினருக்குத் திரும்ப வரத்தான் செய்கிறது. நல்ல எதிர்ப்பாற்றல் உள்ள இளைஞர்களுக்கும் வருகிறது.

வேப்பமரத்தடி எழுதியது:

டாக்டரம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் உடம்பின் பலம் குன்றினால்தானே நோய் தங்கும்? எங்கள் வீட்டில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வோம். பத்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். இந்தத் தம்பியும் இரவு கண்விழிப்பதை விட்டு, உணவைச் சீர்செய்து, உடல் சூட்டைத் தணித்தால் மருவும் தானே விழும். நான் பார்த்திருக்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, தூக்கமும் உணவும் நல்லவை; மறுப்பில்லை. புகைபிடிப்பவர்களுக்கு மரு வருவதும் நீடிப்பதும் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அக்கி பத்து நாளில் காய்வது அதன் இயல்பு; காவி எழுதாவிட்டாலும் பெரும்பாலும் காயும். மருவும் தானே மறையக்கூடியதுதான். எச்.பி.வி. தொற்றுகளில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் உடலாலேயே அடக்கப்பட்டுவிடுகின்றன. தானே மறையும் நோயில், கடைசியாக எது செய்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்ந்துவிடும். மருவுக்கு விற்கப்படும் நூறு மருந்துகள் பிழைத்திருப்பது இதனால்தான்.

நான் ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் இருக்கிறேன். இரண்டு விஷயங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது, அசைக்ளோவிர். இந்த மருந்து உடலுக்குள் போகும்போது செயலற்றது. ஹெர்பீஸ் வைரஸ் தானே தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் என்னும் நொதி அதைத் தொட்டால்தான் மருந்து விழித்துக்கொள்கிறது. பிறகு வைரஸின் டி.என்.ஏ. பிரதியெடுக்கும் நொதியை முடக்குகிறது. தொற்றில்லாத செல்லில் அந்த வைரஸ் நொதி இல்லை. ஆகவே அந்தச் செல்லுக்குக் கேடில்லை. இந்த வழியில் மருந்துகள் கண்டெடுத்த ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எச்.பி.வி.யிடமோ அந்தக் கைனேஸும் இல்லை, தனக்கென்று பிரதியெடுக்கும் நொதியும் இல்லை; நம் செல்லின் நொதிகளைத்தான் கடன் வாங்குகிறது. மருவுக்கு அசைக்ளோவிர் கொடுப்பது வீண். ஹெர்பீஸ் கொப்புளம் எதுவும் இல்லாதவருக்கு அதை ஏன் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, எதிர்ப்பாற்றல். இரண்டு வைரஸ் குடும்பங்களும் நம்மை ஏமாற்றும் விதம் வேறு. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் செல்லைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. எரிச்சல், கொப்புளம், காய்ச்சல் எல்லாம் வரும். உடல் முழுதும் எச்சரிக்கை பரவும். அதற்குள் வைரஸ் நரம்பு வழியாக ஏறி, முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிவிடும். எச்.பி.வி. எந்தச் செல்லையும் கிழிப்பதில்லை, ரத்தத்துக்குள் போவதில்லை. தோலின் அடியடுக்கில் நுழைந்து, செல் முதிர்ந்து மேலே வர வர, தானும் பெருகி, உதிரும் செதில்களோடு வெளியேறுகிறது. எதிர்ப்பாற்றல் ரோந்து சுற்றும் ரத்தப் பாதையில் அது தலைகாட்டுவதே இல்லை. தோலில் காவலுக்கு நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் மரு உள்ள இடத்தில் குறைந்துவிடுகின்றன. இன்டர்ஃபெரான் என்னும் அபாய அறிவிப்பையும் வைரஸின் புரதங்கள் அடக்கிவிடுகின்றன. எனவே உடல் முழுதும் வலுவாக இருந்தும் அந்த ஓரங்குலத் தோலில் மட்டும் அது கண்ணில் படாமல் இருக்கிறது. மறையத் தொடங்கிய மருவை நுண்ணோக்கியில் பார்த்தால் சிடி4 டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் செல்கள் திரளாக வந்து சூழ்ந்திருப்பது தெரியும். அந்தத் திரளை வரவழைப்பதுதான் சிகிச்சையின் குறி. காப்ஸ்யூலில் அது நடக்காது.

டாக்டரம்மாவிடம் ஓர் இடத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். ஐஜிஜிக்கு அர்த்தமில்லை, சரி. அதற்காகக் கூட்டுத்தொற்றே, அதாவது பல வைரஸ்கள் ஒன்றாகத் தொற்றியிருப்பதே, பொருட்டில்லை என்று ஒதுக்கிவிட முடியுமா? பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் வகையான ஹெர்பீஸ் 2 உண்டாக்கும் புண், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. புண்ணான தோல் எச்.பி.வி.க்கும் வாசல்தானே? மருத் திசுவில் எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ டி.என்.ஏ. கிடைத்ததாக வந்த ஆய்வுகளும் உண்டு.

மறுபிறவி எழுதியது:

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவன் நான். என் அனுபவம் தம்பிக்கு உதவலாம்.

அறுவைக்குப் பிறகு சைட்டோமெகலோ கிளம்பாமல் இருக்க வால்கான்சைக்ளோவிர் கொடுத்தார்கள். மாற்றுறுப்பு பெற்றவருக்கு அது உயிருக்கே உலைவைக்கும் வைரஸ் என்பதால் மாதாமாதம் வைரஸ் அளவைப் பார்த்தார்கள். பார்த்தது ரத்தத்தில் உள்ள வைரஸ் டி.என்.ஏ.வை; ஐஜிஜியை அல்ல. ஹெர்பீஸ் குடும்பம் முழுதும் அடங்கியே இருந்தது. சில ஆண்டுகள் கழித்து மரு வந்தது. கையில், பிறகு பிறப்புறுப்பில். கருக்கினார்கள், உறைய வைத்தார்கள். போவதும் வருவதுமாகவே இருந்தது. காரணம் டாக்ரோலிமஸ். அது டி செல்களைக் கட்டிப்போடும் மருந்து; அது இல்லாவிட்டால் சிறுநீரகம் தங்காது. என் மருத்துவர்கள் அளவைச் சற்றுக் குறைத்துப் பார்த்தபோது மரு வேகம் குறைந்தது.

எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே தாழ்ந்த உடம்பு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஓரிடத்தில் நாலு மரு திரும்ப வந்ததற்காகத் தம்பி தன்னை அந்த வரிசையில் நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர் எழுதியது:

> மருத் திசுவில் எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ டி.என்.ஏ. கிடைத்ததாக வந்த ஆய்வுகளும் உண்டு.

நுண்ணோக்கி, நல்ல கேள்வி. ஆனால் கிடைத்தது என்பதற்கும் காரணம் என்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் பி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்குள் உறங்குவது. மருவைத் துண்டெடுத்தால் அதில் வெள்ளணுக்களும் இருக்கும், பி.சி.ஆர். அந்த வைரஸையும் காட்டும். வழிப்போக்கரா குற்றவாளியா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

இந்தத் தடுமாற்றம் மருத்துவ உலகத்துக்குப் பழையது. 1960களிலும் 70களிலும் கருப்பைவாய்ப் புற்றுக்கு ஹெர்பீஸ் 2தான் காரணம் என்று பெரிய பெரிய ஆய்வாளர்களே நம்பினார்கள். ஆதாரம் என்ன? புற்று வந்த பெண்களின் ரத்தத்தில் ஹெர்பீஸ் எதிர்ப்புப் புரதம் அதிகமாக இருந்தது. ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹௌசன் புற்றுத் திசுவிலேயே ஹெர்பீஸ் டி.என்.ஏ.வைத் தேடினார், கிடைக்கவில்லை. சொன்னபோது அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மருக்களின் பக்கம் திரும்பினார். அவருடைய குழு 1980 வாக்கில் பிறப்புறுப்பு மருவிலிருந்து எச்.பி.வி.யின் 6ஆம் வகையைப் பிரித்தது, 1983இல் புற்றிலிருந்து 16ஐ, அடுத்த ஆண்டு 18ஐ. 2008இல் நோபல் பரிசு. ரத்தத்தில் இருந்த ஹெர்பீஸ் எதிர்ப்புப் புரதம் காட்டியது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வைரஸும் ஒரே வழியாக, உடலுறவின் வழியாக, வருகின்றன.

சரி, துணைக்காரணமாகவாவது இருக்குமா? 2002இல் இரண்டு பெரிய ஆய்வுத் தொகுப்புகள் வந்தன. பல நாட்டு நோயாளிகளின் தரவைச் சேர்த்த ஒன்று, எச்.பி.வி. உள்ள பெண்களிடம் ஹெர்பீஸ் 2 சேர்ந்தால் புற்று அபாயம் கூடுகிறது என்றது. நோய் வருவதற்கு முன்பே ரத்தம் சேமித்துவைத்துப் பின்தொடர்ந்த ஆய்வுகளை அலசிய மற்றொன்று, அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. இரண்டாவது வகை ஆய்வின் முறை வலுவானது என்பதால் என் சாய்வு அந்தப் பக்கம். புண் வாசலாகலாம் என்று நீங்கள் சொன்னது நியாயமான ஊகம். ஆனால் இந்தத் தம்பிக்கு ஹெர்பீஸ் 2 இருப்பதாக யாரும் சொல்லவில்லை, புண்ணும் இல்லை. வாய்ப்புண் தரும் வகை 1, குழந்தைப் பருவத்தில் பாட்டி கொடுத்த முத்தத்திலேயே வந்திருக்கும்.

ஹெர்பீஸ் உண்மையில் குறுக்கிடும் ஓரிடம் உண்டு. மரு இருக்கும் இடத்தில் ஹெர்பீஸ் கொப்புளமும் வெடித்திருந்தால், அது ஆறும்வரை மருவைக் கருக்கவோ உறையவைக்கவோ கூடாது. வெடிப்புக்கு அசைக்ளோவிர் கொடுத்து ஆற்றிய பிறகு மருவுக்கு வர வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

2002இன் முதல் ஆய்வை நான் இன்னும் கைவிடத் தயாராக இல்லை; அழற்சி நீடித்தால் எச்.பி.வி. நிலைக்கிறது என்பதற்கு வேறு தொற்றுகளிலும் அடையாளங்கள் உண்டு. ஆனால் தனி நோயாளிக்குச் செய்ய வேண்டியது இதனால் மாறாது என்பதை ஏற்கிறேன்.

கூட்டுத்தொற்று உண்மையில் பேசும் இடம் எதிர்ப்பாற்றலின் அரிய பிறவிக் குறைபாடுகளில்தான். டாக்8 என்ற மரபணு பழுதானால் மருவும் ஹெர்பீஸும் சேர்ந்து தோலை மூடுமளவு வரும்; 2009இல் கண்டறியப்பட்டது. காட்டா2 என்ற மரபணுவின் குறைபாட்டிலும் எச்.பி.வி.யும் ஹெர்பீஸ் குடும்பமும் கைகோத்து வரும். இயற்கைக் கொல்லி செல்கள் இல்லாத ஒரு சிறுமிக்குச் சின்னம்மை, சைட்டோமெகலோ, சிம்ப்ளெக்ஸ் என ஒன்றன்பின் ஒன்றாகக் கடுமையாகத் தாக்கியதை 1989இல் வெளியிட்டார்கள். மறுபக்கம், மரவுரி போல உடல் முழுதும் மரு வளரும் எபிடெர்மோடிஸ்பிளேசியா என்ற நோயில் ஹெர்பீஸ் தொல்லை வருவதில்லை. அதாவது எதிர்ப்பாற்றல் என்பது ஏறி இறங்கும் ஒற்றை அளவு அன்று. ஒவ்வொரு வைரஸையும் தடுக்க வெவ்வேறு பிரிவுகள் இருக்கின்றன. எதைக் கூட்டுகிறோம் என்று சொல்லாமல் ‘எதிர்ப்பாற்றலைக் கூட்டும்’ காப்ஸ்யூல் விற்பவரை நான் நம்புவதில்லை. ரஷ்யாவிலும் அண்டை நாடுகளிலும் மருவுக்கு இன்டர்ஃபெரான் ஊக்கிகளையும் இனோசின் பிரனோபெக்ஸ் என்ற மருந்தையும் வழக்கமாகக் கொடுக்கிறார்கள். பலன் பற்றிய சான்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கயல் எழுதியது:

எல்லாரும் வைரஸைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாராவது பேசுங்களேன். என் கணவருக்கு இது வந்தபோது என் மாமியார் வீட்டில் பழி முழுவதும் என் தலையில் விழுந்தது. பிறந்த வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குப் போனது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியுமா, டாக்டரம்மா?

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர் எழுதியது:

முடியாது, கயல். தொற்று ஏற்பட்டு மரு முளைக்கப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து பிறகு முளைக்கும். பலருக்கு முளைப்பதே இல்லை, ஆனாலும் தொற்றவைப்பார்கள். திருமணத்துக்கு முந்தைய தொற்று திருமணத்துக்குப் பின் தெரியலாம். முதலில் யாருக்கு முளைத்ததோ அவரிடமிருந்துதான் வந்தது என்பதும் இல்லை. மருவை வைத்துத் துரோகத்தை நிரூபிக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு மருத்துவர் வாயால் சொல்லவையுங்கள்.

இரவுப்பறவை, உங்கள் மனைவியையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருவில் பத்துக்கு ஒன்பது எச்.பி.வி. 6, 11 வகைகளால் வருபவை. அவை கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குவதில்லை. ஆனாலும் புற்று வகைகள் தனியாக வந்திருக்கக்கூடும் என்பதால் 30 வயது தொடங்கி எல்லாப் பெண்களுக்கும் உள்ள கருப்பைவாய்ப் பரிசோதனையை அவரும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். ஆணுறை முழுப் பாதுகாப்புத் தராது, மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும்; இருந்தாலும் பயன்படுத்துவது நல்லது.

தெற்குவானம் எழுதியது:

மெல்பர்னில் செவிலியாக இருக்கிறேன். தடுப்பூசியைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று உள்ளே வந்தேன்.

ஆஸ்திரேலியாவில் 2007இல் பெண்பிள்ளைகளுக்கு 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும் ஊசியை அரசே போடத் தொடங்கியது. பால்வினை மருத்துவமனைகளுக்கு முதன்முறையாக வந்த 21 வயதுக்கு உட்பட்ட பெண்களில் மரு உள்ளவர்கள் 2007இல் 11.5 விழுக்காடு, 2011இல் 0.85 விழுக்காடு. ஊசி போடாத அதே வயது ஆண்களிலும், பெண்களோடு உறவுகொள்பவர்களிடம், 12.1 விழுக்காட்டிலிருந்து 2.2க்கு இறங்கியது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு அந்த மறைமுகப் பாதுகாப்பு போய்ச் சேரவில்லை. 2013இல் பையன்களையும் சேர்த்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் எவருடைய ‘பொது எதிர்ப்பாற்றலும்’ கூடவில்லை. சிம்ப்ளெக்ஸ் 1, எப்ஸ்டீன்-பார் எல்லாம் அவர்களிடமும் இருந்திருக்கும். எச்.பி.வி.யின் வெளி உறையை மட்டும் தசையில் போட்டு உடலுக்குக் காட்டினார்கள், அவ்வளவுதான். இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் 1991இல் பிரிஸ்பேனில் அந்த வெற்று உறையைச் செய்து காட்டியதிலிருந்து தொடங்கியது இது. இந்தியாவிலேயே இப்போது செர்வாவாக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது. அதிலும் 6, 11 உண்டு. 9 முதல் 26 வயதுவரை ஆண், பெண் இருவருக்கும் அனுமதி. இருக்கிற மருவை அது போக்காது. உங்கள் தம்பி தங்கைகளுக்கும் பிள்ளைகளுக்கும் காலத்தோடு போட்டுவிடுங்கள். சிம்ப்ளெக்ஸுக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

இரவுப்பறவை எழுதியது:

நம்பிக்கை மையத்துக்குப் போய்வந்தேன். அங்கே இருந்த அக்கா அதட்டாமல், முகம் சுளிக்காமல் பேசினார். எச்.ஐ.வி. இல்லை, வி.டி.ஆர்.எல். இல்லை, சர்க்கரையும் இல்லை. அசைக்ளோவிரையும் காப்ஸ்யூலையும் நிறுத்திவிட்டேன். பால்வினை நோய்ப் பிரிவு மருத்துவர் இமிகுவிமோட் களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவிய இடம் சிவந்து எரிகிறது. ஹெர்பீஸ் கிளம்பிவிட்டதோ என்று மறுபடி பயம். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு அவளும் இந்த இழையைப் படித்தாள்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர் எழுதியது:

சிவப்பதும் லேசாக எரிவதும் அந்தக் களிம்பின் வேலையே. அது வைரஸைக் கொல்வதில்லை. தோலின் காவல் செல்களில் டிஎல்ஆர்7 என்ற உணர்வியைத் தட்டி, அடங்கிக் கிடந்த இன்டர்ஃபெரானை அந்த இடத்தில் சுரக்கவைக்கிறது. நுண்ணோக்கி சொன்ன டி செல் திரள் அப்படித்தான் வரவழைக்கப்படுகிறது.

வாரம் மூன்று இரவுகள், ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிய பூச்சாக, மருவின்மேல் மட்டும். ஆறு முதல் பத்து மணி நேரத்தில் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். எரிச்சல் தாங்கவில்லை என்றால் சில நாள் நிறுத்தி, தோல் ஆறியதும் தொடருங்கள். பதினாறு வாரம்வரை போகலாம், பொறுமை வேண்டும். களிம்பு பூசியிருக்கும்போது உறவு வேண்டாம், ஆணுறையின் ரப்பரை அது பலவீனமாக்கும். மனைவிக்குக் கர்ப்பம் தங்கியிருந்தால் இதை அவர் பயன்படுத்தக் கூடாது; உறையவைக்கும் சிகிச்சை இருக்கிறது.

ஹெர்பீஸ் என்றால் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் வந்து, உடைந்து, வலிக்கும் புண்ணாகும், அரையில் நெறிகட்டும், களிம்பு படாத இடத்திலும் வரும். அப்படிக் கண்டால் அன்றே போய்க் காட்டுங்கள், கொப்புளத்திலிருந்தே மாதிரி எடுப்பார்கள். ரத்தத்தில் ஐஜிஎம் பார்க்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிம்ப்ளெக்ஸுக்கு அது நம்பத்தகாத பரிசோதனை.

மரு கையளவு பெருத்தாலோ, நிறம் கறுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, சிகிச்சைக்கு அசையாமல் கடினமானாலோ துண்டெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாதம் ஒருமுறை காட்டினால் போதும். அடுத்த முறை போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். பெண்களுக்கு அங்கேயே தனி நேரமோ பெண் மருத்துவரோ இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.